பாத மூட்டுப் பிணைப்பு அறுவைச் சிகிச்சை

பாத மூட்டுப் பிணைப்பு அறுவைச் சிகிச்சை என்பது மூட்டழற்சியால் பழுதடைந்த கணுக்கால் மூட்டையோ பாத மூட்டையோ நிலையாக அசைவற்றதாக்கும் மருத்துவ முறையாகும். இதில் மூட்டில் எஞ்சியிருக்கும் குருத்தெலும்பு அகற்றப்பட்டு, அங்கு சந்திக்கும் எலும்புகள் ஒரே எலும்பாக ஒட்டி வளரச் செய்யப்படுகின்றன. ஒன்றோடொன்று உரசும் பரப்புகள் இல்லாமற் போவதால் அம்மூட்டில் எழும் வலி நீங்குகிறது அல்லது பெரிதும் குறைகிறது. அதற்கு ஈடாக அம்மூட்டின் அசைவு முற்றிலும் இழக்கப்படுகிறது.

இவ்விழப்பு பொதுவாக மீளப் பெற இயலாதது. ஆகவே இச்சிகிச்சையைச் செய்துகொள்வதா, தள்ளிப் போடுவதா, வேறு வழியைத் தேர்வதா என்பது நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கவேண்டிய முடிவாக உள்ளது. எந்த மூட்டு பிணைக்கப்படுகிறது, அம்மூட்டில் ஏற்கனவே எவ்வளவு அசைவு எஞ்சியுள்ளது, நோயாளியின் அன்றாட வாழ்க்கை எத்தகையது ஆகிய மூன்றும் இம்முடிவைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணிகள் ஆகும்.

பாதத்தின் மூட்டுகள்

மனிதனின் ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 30-க்கும் மேற்பட்ட மூட்டுகளும் உள்ளன. இவை அனைத்தும் ஒரே அளவு அசைவதில்லை. பிணைப்புச் சிகிச்சை பெரும்பாலும் பின்வரும் மூட்டுகளில் செய்யப்படுகிறது.

* கணுக்கால் மூட்டு: கணைக்காலின் இரண்டு எலும்புகளும் தாலசு எனப்படும் எலும்பும் சேரும் இடம். பாதத்தை மேலும் கீழும் அசைக்க உதவுகிறது.
* தாலசின் கீழுள்ள மூட்டு: தாலசும் குதிகாலெலும்பும் சேரும் இடம். பாதத்தை உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் சாய்க்க உதவுகிறது. மேடு பள்ளமான தரையில் நடப்பதற்கு இது இன்றியமையாதது.
* படகெலும்பு மூட்டு: தாலசும் அதன் முன்னுள்ள படகெலும்பும் சேரும் இடம்.
* நடுப்பாத மூட்டுகள்: விரல்களை நோக்கிச் செல்லும் ஐந்து நீண்ட எலும்புகளின் அடிப்பகுதியில் உள்ளவை. முதல் மூன்றும் மிகக் குறைவாகவே அசைகின்றன. நான்காவதும் ஐந்தாவதும் கூடுதலாக அசைகின்றன.
* பெருவிரலின் அடிமூட்டு: நடக்கும்போது குதிகால் தரையிலிருந்து எழுந்து, உடல் முன்னோக்கி உந்தப்படும் வேளையில் மேல்நோக்கி வளையும் மூட்டு.

மூட்டு பழுதடைவதற்கான காரணங்கள்

இடுப்பிலும் முழங்காலிலும் முதுமையோடு வரும் தேய்மானமே மூட்டழற்சிக்கு முதன்மைக் காரணம். கணுக்காலில் நிலைமை வேறு. அங்கு பெரும்பான்மையான மூட்டழற்சி, முன்பு ஏற்பட்ட எலும்பு முறிவு அல்லது மீண்டும் மீண்டும் ஏற்பட்ட சுளுக்கு ஆகியவற்றின் பின்விளைவாகத் தோன்றுகிறது. விபத்து நடந்து பல ஆண்டுகள் கழித்தும் இது வெளிப்படலாம். இதனால் கணுக்கால் மூட்டழற்சி நோயாளிகளில் பலர் உழைக்கும் வயதினராக உள்ளனர். உயரத்திலிருந்து விழுவதால் குதிகாலெலும்பு நொறுங்குவது, தாலசின் கீழுள்ள மூட்டு பழுதடைய ஒரு முக்கியக் காரணம் ஆகும்.

முடக்குவாதம், யூரிக் அமிலப் படிவால் வரும் கௌட் நோய், பிறவி அல்லது பிற்காலத் தட்டைப்பாதம், மூட்டில் ஏற்படும் கிருமித்தொற்று ஆகியனவும் காரணங்களாகும். பெருவிரல் மூட்டில் தேய்மானம் முற்றி, விரல் மேல்நோக்கி வளையாமல் விறைத்துப் போவது பாதத்தில் பரவலாகக் காணப்படும் மூட்டழற்சி வகையாகும்.

வரலாறு

ஆஸ்திரிய அறுவை மருத்துவர் எடுவார்ட் ஆல்பர்ட் (1841-1900) இளம்பிள்ளைவாதத்தால் செயலிழந்து துவண்ட கால்களை உறுதிப்படுத்த மூட்டுகளைப் பிணைத்தார். இம்முறைக்கு வழங்கும் ஆர்த்ரோடெசிஸ் என்னும் பெயரும் அவர் இட்டதேயாகும். மூட்டு, கட்டுதல் என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் பெறப்பட்டது. ஆகவே தொடக்கத்தில் இச்சிகிச்சையின் நோக்கம் வலியை நீக்குவதன்று. நிற்க இயலாத காலை நிற்க வைப்பதே ஆகும்.

1894-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிளட்டன் பெருவிரல் அடிமூட்டைப் பிணைக்கும் முறையை விவரித்தார். 1923-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் எட்வின் ரையர்சன் பின்பாதத்தின் மூன்று மூட்டுகளையும் ஒருசேரப் பிணைக்கும் மும்மூட்டுப் பிணைப்பை விவரித்தார். இளம்பிள்ளைவாதம் பரவியிருந்த காலத்தில் இது உலகெங்கும் மிகுதியாகச் செய்யப்பட்டது. அந்நோய் பெரும்பாலான நாடுகளில் ஒழிந்தபின், இதே அறுவை மூட்டழற்சிக்கும் முற்றிய தட்டைப்பாதத்துக்கும் பயன்படலாயிற்று.

1951-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, பிணைக்கப்படும் எலும்புகளை வெளியிலிருந்து இறுக்கி அழுத்துவதன் மூலம் கணுக்கால் எலும்புகள் விரைவாக ஒட்டச் செய்யும் முறையை வெளியிட்டார். எலும்பின் இரு பரப்புகளும் அசையாமலும் அழுத்தத்துடனும் பொருந்தியிருக்க வேண்டும் என்னும் இக்கருத்தே இன்றைய திருகாணி, தகடு முறைகளுக்கும் அடிப்படையாக உள்ளது. இதே சார்ன்லி பின்னர் 1960-களில் செயற்கை இடுப்பு மூட்டை வெற்றிகரமாக உருவாக்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது. செயற்கை மூட்டின் வருகையால் இடுப்பு மூட்டைப் பிணைப்பது மிக அரிதாகிவிட்டது. பாதத்தில் அவ்வாறு நிகழவில்லை. அங்கு பிணைப்பே இன்றும் முதன்மை அறுவை முறைகளுள் ஒன்றாக நீடிக்கிறது.

அறுவைக்கு முந்தைய வழிமுறைகள்

மூட்டழற்சிக்கான பிணைப்பு பொதுவாக அவசர அறுவை அன்று. பிற வழிமுறைகள் பயனளிக்காத நிலையிலேயே அது பரிந்துரைக்கப்படுகிறது. அவ்வழிமுறைகளாவன:

* உடல் எடையைக் குறைத்தல், நெடுநேரம் நிற்பதையும் தாவுவதையும் தவிர்த்தல்.
* வலி நீக்கி மாத்திரைகள். இவற்றை நீண்டகாலம் உட்கொள்வது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால் மருத்துவக் கண்காணிப்பு தேவை.
* காலணியில் மாற்றம். அடிப்பாகம் படகு போல் வளைந்த காலணி, கணுக்காலும் பெருவிரலும் வளையவேண்டிய தேவையைக் குறைக்கிறது. பெருவிரல் மூட்டழற்சிக்கு வளையாத உள்தகடு உதவுகிறது.
* கணுக்காலைத் தாங்கும் கட்டு அல்லது கவசம்.
* மூட்டினுள் ஸ்டீராய்டு ஊசி. இதன் பயன் பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது சில மாதங்களே நீடிக்கும்.

இவற்றுள் உறுதியான கவசம் அணிவது சிகிச்சையாக மட்டுமன்றி ஒரு சோதனையாகவும் அமைகிறது. சில வாரங்கள் மூட்டை அசையாமல் வைத்திருக்கும்போது வலி தெளிவாகக் குறைந்தால், பிணைப்பும் பயன் தரக்கூடும் என எதிர்பார்க்கலாம். மேலும், அசைவற்ற மூட்டுடன் படியேறுவதும் வேலை செய்வதும் எவ்வாறிருக்கும் என்பதை நோயாளி ஓரளவு முன்கூட்டியே உணரவும் இது வாய்ப்பளிக்கிறது.

வலிக்கும் மூட்டை உறுதிசெய்தல்

பாதத்தின் மூட்டுகள் நெருக்கமாக அமைந்திருப்பதால் வலி எந்த மூட்டிலிருந்து எழுகிறது என்பதை நோயாளியால் சரியாகச் சொல்ல இயலாதிருக்கலாம். ஊடுகதிர்ப் படத்தில் மிகவும் தேய்ந்து காணப்படும் மூட்டு வலியற்றதாகவும், சிறிதளவே தேய்ந்த மூட்டு வலி மிக்கதாகவும் இருப்பதுண்டு. தவறான மூட்டைப் பிணைத்தால் அசைவு இழக்கப்பட்டும் வலி நீங்காது.

இதனைத் தவிர்க்க, நின்ற நிலையில் எடுக்கப்படும் ஊடுகதிர்ப் படம், சி.டி. வருடல் ஆகியவற்றுடன் சோதனை ஊசியும் பயன்படுகிறது. ஊடுகதிர் அல்லது மீயொலிப் படத்தின் துணையுடன் ஐயத்துக்குரிய மூட்டினுள் மட்டும் மரத்துப் போகச் செய்யும் மருந்து செலுத்தப்படுகிறது. பின்னர் நோயாளி நடந்து பார்க்கிறார். அந்த நேரத்துக்கு வலி மறைந்தால் அம்மூட்டே வலியின் இருப்பிடம் எனக் கொள்ளலாம். மருந்து சில வேளைகளில் அருகிலுள்ள மூட்டுக்குள்ளும் கசியக்கூடும் என்பதால் இச்சோதனையும் முற்றிலும் பிழையற்றதன்று.

அறுவை முறை

அறுவை முழு மயக்கத்திலோ, முதுகுத்தண்டில் அல்லது காலின் நரம்பருகில் ஊசி செலுத்தி மரத்துப் போகச் செய்தோ நடைபெறுகிறது. குருத்தெலும்பு சுரண்டி எடுக்கப்பட்டு, அதன் கீழுள்ள கடினமான எலும்புப் பரப்பில் குருதி கசியும் வரை சிறு துளைகள் இடப்படுகின்றன. எலும்பு ஒட்டுவதற்கு இக்குருதியோட்டம் தேவை. இடைவெளி இருந்தால் நோயாளியின் இடுப்பெலும்பு, குதிகாலெலும்பு போன்ற இடங்களிலிருந்து எடுத்த எலும்புத் துகள்கள் நிரப்பப்படுகின்றன. பின்னர் திருகாணி, தகடு, எலும்பினுள் செலுத்தும் உலோகக் கம்பி ஆகியவற்றுள் ஒன்றால் எலும்புகள் இறுக்கப்படுகின்றன. கணுக்காலில் சிறு துளைகள் வழியே மூட்டு உள்நோக்கி கொண்டும் இதனைச் செய்யலாம்.

மூட்டு எந்தக் கோணத்தில் பிணைக்கப்படுகிறது என்பது மிக முக்கியமானது. ஒட்டியபின் அதை மாற்ற மற்றோர் அறுவை வேண்டும். கணுக்கால் பொதுவாகக் கணைக்காலுக்குச் செங்குத்தாக, குதிகால் ஏறத்தாழ 5 பாகை வெளிப்புறம் சாய்ந்திருக்குமாறு பிணைக்கப்படுகிறது. பெருவிரல் தரையிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 15 பாகை உயர்ந்திருக்குமாறு வைக்கப்படுகிறது. மிகவும் தாழ்ந்திருந்தால் விரல் நுனி தரையில் அழுந்தும். மிகவும் உயர்ந்திருந்தால் காலணியின் மேற்புறம் உரசும்.

குணமடையும் காலம்

கணுக்கால் அல்லது பின்பாத மூட்டு பிணைக்கப்பட்டவர் பொதுவாக 6 வாரங்கள் அளவில் அக்காலைத் தரையில் ஊன்றக் கூடாது. பின்னர் மாவுக்கட்டு அல்லது கவசத்துடன் படிப்படியாக எடை தாங்கி, ஏறத்தாழ 3 மாதங்களில் காலணிக்கு மாறுகிறார். பெருவிரல் மூட்டுப் பிணைப்பில் குதிகாலில் எடை தாங்கும் தனிக் காலணியுடன் தொடக்கத்திலேயே நடக்க அனுமதிப்பது வழக்கம். வீக்கம் 6 மாதங்கள் முதல் ஓராண்டு வரை நீடிக்கலாம்.

இக்காலத்தின் சுமை முடிவெடுக்கும்போது பலராலும் குறைவாகவே எண்ணப்படுகிறது. மாடி வீட்டில் குடியிருப்பவர், தரையோடு பதிந்த கழிப்பறை மட்டுமே உள்ளவர், நாட்கூலியில் வாழ்பவர், குழந்தையையோ முதியோரையோ தனித்துப் பேணுபவர் ஆகியோருக்கு ஒரு காலை ஊன்றாமல் கழிக்கும் 6 வாரங்கள் பெருஞ்சுமையாகலாம். ஊன்றுகோல் பயிற்சி, உயரமான கழிப்பிருக்கை, கீழ்த்தளத்தில் படுக்கை, துணைக்கு ஒருவர் ஆகிய ஏற்பாடுகளை அறுவைக்கு முன்பே செய்துகொள்வது நலம்.

மூட்டு வாரியாக இழப்பும் பயனும்

மூட்டைப் பிணைத்தால் கால் மரக்கட்டை போலாகிவிடும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. மூட்டழற்சி முற்றிய மூட்டில் அசைவின் பெரும்பகுதி ஏற்கனவே போயிருக்கும். எனவே உண்மையான இழப்பு எண்ணியதைவிடக் குறைவாக இருப்பதுண்டு. எனினும் அது மூட்டுக்கு மூட்டு வேறுபடுகிறது.

* கணுக்கால்: சமதளத்தில் பொருத்தமான காலணியுடன் நடப்பவரிடம் வேறுபாடு எளிதில் புலப்படாதிருக்கலாம். பாதத்தின் ஏனைய மூட்டுகள் ஓரளவு மேல்கீழ் அசைவைத் தருகின்றன. வெறுங்காலுடன் விரைந்து நடத்தல், சரிவில் ஏறுதல், ஓடுதல் ஆகியன கடினமாகின்றன. குதிகால் தரையில் படியக் குந்தி அமர்வதற்குக் கணுக்கால் நன்கு வளைய வேண்டும் என்பதால் அது பெரும்பாலும் இயலாது. கியர் உள்ள இருசக்கர வண்டி ஓட்டுவோருக்கு, மிதியைக் காலின் முன்பகுதியால் மேலே தூக்குவது சிக்கலாகலாம்.
* தாலசின் கீழுள்ள மூட்டு: மேல்கீழ் அசைவு பெரும்பாலும் காக்கப்படுகிறது. வயல் வரப்பு, கற்கள் நிறைந்த பாதை, மணல் ஆகியவற்றில் நடப்பது கடினமாகலாம்.
* படகெலும்பு மூட்டு: இதைப் பிணைத்தால் பின்பாதத்தின் மற்ற இரு மூட்டுகளின் அசைவும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒரு மூட்டைப் பிணைத்தாலும் விளைவு மூன்றைப் பிணைத்ததற்கு நெருங்கியதாக அமைகிறது.
* நடுப்பாதத்தின் முதல் மூன்று மூட்டுகள்: இயல்பிலேயே குறைவாக அசைபவை என்பதால் இழப்பு மிகச் சிறிது. நான்காவது, ஐந்தாவது மூட்டுகளைப் பிணைக்காமல் விடுவதே பொது வழக்கம்.
* பெருவிரல் அடிமூட்டு: நடை பெரும்பாலும் இயல்பாக அமைகிறது. உயர்ந்த குதி கொண்ட காலணி அணிதல், விரல்களை மடக்கி ஊன்றி மண்டியிடுதல், தொழுகையின்போது பாதத்தை நிறுத்தி அமர்தல் ஆகியன கடினமாகின்றன.

இடர்கள்

எலும்புகள் ஒட்டாமற் போவது இச்சிகிச்சைக்கே உரிய முதன்மை இடராகும். கணுக்காலில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது நேரலாம் எனக் கணக்கிடப்படுகிறது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு மீண்டும் அறுவை தேவைப்படுகிறது. புகைபிடித்தல் இவ்விடரைக் கணிசமாக உயர்த்துகிறது. அதனால் அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே, எலும்பு ஒட்டும் வரை புகையை முற்றிலும் விடுமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு நோய், காலில் குருதியோட்டக் குறைவு, உணர்விழந்த பாதம் ஆகியனவும் இடரை மிகுவிக்கின்றன. கிருமித்தொற்று, புண் ஆறத் தாமதம், நரம்புக் காயம், காலின் சிரைகளில் குருதி உறைதல் ஆகியவை ஏனைய இடர்களாகும்.

நீண்டகால நோக்கில், பிணைக்கப்பட்ட மூட்டின் வேலையை அண்டை மூட்டுகள் ஏற்க நேர்கிறது. கணுக்கால் பிணைக்கப்பட்ட 23 பேரைச் சராசரியாக 22 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து 2001-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அவர்களுள் பெரும்பாலோருக்கு அதே பாதத்தின் பிற மூட்டுகளில் மூட்டழற்சி மிகுந்திருந்ததைக் கண்டறிந்தது. இதில் எவ்வளவு பிணைப்பினால் வந்தது, எவ்வளவு முதல் விபத்திலேயே தொடங்கியிருந்தது என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. ஆயினும் 40 வயதில் பிணைப்புச் செய்துகொள்பவர் 60 வயதில் மற்றொரு மூட்டின் வலியை எதிர்கொள்ளக்கூடும் என்பதை அறிந்தே முடிவெடுக்க வேண்டியுள்ளது.

மாற்று அறுவை முறைகள்

கணுக்காலில் செயற்கை மூட்டு பொருத்துதல் முதன்மையான மாற்று முறையாகும். 1970-களில் பயன்படுத்தப்பட்ட முதல் வகைகள் விரைவில் தளர்ந்து போயின. பிற்கால வகைகள் பெரிதும் மேம்பட்டவை. ஐக்கிய இராச்சியத்தின் 17 மருத்துவமனைகளில் 50 முதல் 85 வயது வரையுள்ள 303 பேரிடம் குலுக்கல் முறையில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2022-ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் செயற்கை மூட்டு பெற்றோர், பிணைப்புச் செய்துகொண்டோர் ஆகிய இரு பிரிவினரும் நடப்பதிலும் நிற்பதிலும் நன்கு முன்னேறியிருந்தனர். இரண்டுக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. புண் ஆறுவதில் சிக்கல் செயற்கை மூட்டுப் பிரிவிலும், குருதி உறைதல் பிணைப்புப் பிரிவிலும் கூடுதலாக இருந்தன.

செயற்கை மூட்டு அசைவைக் காக்கிறது. ஆனால் தேய்ந்தோ தளர்ந்தோ போகக்கூடியது. அது தோல்வியுற்றால் பின்னர் பிணைப்புச் செய்ய இயலும். பிணைத்த கணுக்காலைச் செயற்கை மூட்டாக மாற்றுவது அரிதாகவே, தேர்ந்த சிலரால் மட்டும் செய்யப்படுகிறது. இளவயதினர், கடும் உடலுழைப்பாளர், முன்பு கிருமித்தொற்று ஏற்பட்டவர் ஆகியோருக்குப் பிணைப்பே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

பெருவிரலில் பிணைப்பின் நிலை இன்னும் வலுவானது. 2005-ஆம் ஆண்டு வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில் பிணைக்கப்பட்ட 38 விரல்களும் ஒட்டின. பொருத்தப்பட்ட 39 செயற்கை மூட்டுகளுள் 6 தளர்ந்ததால் அகற்றப்பட்டன. அசைவைக் காக்கும் நோக்கில் உருவான, நீர்க்கூழ்மத்தால் ஆன சிறு உள்வைப்பு ஒன்று 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. தேய்மானம் தொடக்க நிலையில் இருந்தால் மூட்டின் மேற்புறம் வளர்ந்துள்ள எலும்பு முனைப்பை மட்டும் செதுக்கி எடுத்து, அசைவைக் காக்கலாம்.

முடிவெடுத்தல்

இச்சிகிச்சையை ஏற்பதற்கு ஊடுகதிர்ப் படம் மட்டும் போதிய காரணமாகாது. வலி உறக்கத்தையும் வேலையையும் நடையையும் எந்த அளவு கெடுக்கிறது என்பதே முதன்மை அளவுகோல். நோயாளி மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டியவற்றுள் பின்வருவன முக்கியமானவை.

* வலி இந்த மூட்டிலிருந்தே எழுகிறது என்பது எவ்வாறு உறுதிசெய்யப்பட்டது?
* இம்மூட்டில் இப்போது எவ்வளவு அசைவு எஞ்சியுள்ளது? பிணைப்பால் புதிதாக இழப்பது என்ன?
* அண்டை மூட்டுகள் நல்ல நிலையில் உள்ளனவா?
* செயற்கை மூட்டு அல்லது சிறிய அறுவை பொருந்துமா? பொருந்தாதெனில் ஏன்?
* எலும்பு ஒட்டாமற் போகும் வாய்ப்பைத் தம் உடல்நிலை எந்த அளவு மிகுவிக்கிறது?
* எத்தனை வாரங்கள் காலை ஊன்றக் கூடாது? எப்போது வேலைக்குத் திரும்பலாம்?
* ஓராண்டு காத்திருந்தால் இழப்பு ஏதும் உண்டா?

இறுதிக் கேள்விக்குப் பெரும்பாலும் இல்லை என்பதே விடையாகும். பாதம் மேன்மேலும் கோணிக்கொண்டே போதல், எலும்பு கரைந்து வருதல் ஆகிய நிலைகளில் மட்டும் தாமதம் அறுவையைக் கடினமாக்கக்கூடும். மற்றவர்களுக்குக் காத்திருக்கும் காலம் வீணாவதில்லை. புகையை விடவும், சர்க்கரை அளவைச் சீராக்கவும், கவசம் அணிந்து பார்க்கவும், இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெறவும் அது பயன்படும்.

வரப்பில் நடக்கும் உழவருக்கும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் எழுத்தருக்கும் ஒரே ஊடுகதிர்ப் படம் இருப்பினும் ஒரே முடிவு பொருந்தாது. உழவர் இழக்கும் அசைவு மிகுதி. ஆயினும் வலியினால் அவர் வயலுக்கே செல்வதை நிறுத்தியிருந்தால், அசைவற்ற வலியில்லாத பாதம் அவரை மீண்டும் வயலுக்கு அனுப்பக்கூடும். எழுத்தரோ தக்க காலணியுடனும் அவ்வப்போது எடுக்கும் மாத்திரையுடனும் பல ஆண்டுகளை அறுவையின்றிக் கழிக்கக்கூடும். பிணைப்பு எதைப் பறிக்கும் என்பதோடு, வலி ஏற்கனவே எதைப் பறித்துவிட்டது என்பதையும் சேர்த்து எடைபோடுவதே இம்முடிவின் சாரமாகும்.